அழுத்தமானி 3 பார் காட்டுகிறது, பழம் மட்டும் உதிரவில்லை: பயிற்சி மாணவிக்கு உதவி தேவை

லாபிஸ் மாணவி:
வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுமுறைத் தொழிற்பயிற்சிக்காக லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருக்கிறேன். இங்கே குலைகளை நீராவியில் அவிக்கும் கலன்களான கிடைமட்ட ஸ்டெரிலைசர்கள் இரண்டு உள்ளன. சில நாள்களாக, அவித்த குலையிலிருந்து பழத்தை உதிர்க்கும் திரெஷரைத் தாண்டி வரும் வெற்றுக் குலைகளில் பழம் ஒட்டிக்கொண்டே போகிறது. காரணத்தைக் கண்டறிந்து அறிக்கை எழுதும்படி உதவிப் பொறியாளர் சொல்லியிருக்கிறார்.

அழுத்தமானி 3 பார் காட்டுகிறது. சுழற்சி நேரமும் 90 நிமிடம், குறைக்கவில்லை. தோட்டத்திலிருந்து பழுக்காத காய்க்குலை வருகிறது என்று ஆலையில் சொல்கிறார்கள். தோட்டத்தில் கேட்டால், ஆலையில் சரியாக அவிப்பதில்லை என்கிறார்கள். என் அப்பா அந்தத் தோட்டத்தில்தான் குலை வெட்டுகிறார். காய்க்குலை என்று எழுதிவிட்டால் வெட்டுக்காரர்களின் கூலியில் கை வைப்பார்கள். அதனால் உண்மை தெரியாமல் ஒரு வரிகூட எழுத எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பழைய பாய்லர்மேன், குளுவாங்:
மகளே, முதலில் ஒன்று சொல். பழம் ஒட்டிய குலைகள் இரண்டு ஸ்டெரிலைசரிலிருந்தும் வருகின்றனவா, ஒன்றிலிருந்து மட்டுமா? லாரியிலிருந்து குலை கொட்டும் ஒரே ராம்பில் இறங்கும் குலைதான் இரண்டுக்கும் போகிறது. குலை காயாக இருந்தால் இரண்டிலும் தெரிய வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் வெட்டுக்காரரைக் கேட்பதில் பொருளில்லை. ஒவ்வொரு சுழற்சிக்கும் தனித்தனியாக எண்ணிப் பார்.

பழுப்பதற்கு அளவு இருக்கிறது. குறைந்தது 10 பழமாவது தானாக உதிர்ந்து குழி தெரிந்தால்தான் அது பழுத்த குலை என்பது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதி. ராம்பில் நின்று நீயே பார்த்துக் குறித்துக்கொள்.

லாபிஸ் மாணவி:
நன்றி ஐயா. எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் எண் ஸ்டெரிலைசரில்தான் சிக்கல். ஒன்றாம் எண்ணில் அநேகமாக எல்லாமே சுத்தமாக உதிர்கின்றன. ராம்பில் பார்த்த குலைகளில் பெரும்பாலானவை பழுத்தவையே. ஆனால் இரண்டாம் எண்ணின் அழுத்தமானியும் 3 பார்தான் காட்டுகிறது. இதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஆலைப் பொறியாளர், தெலுக் இந்தான்:
தங்கச்சி, அழுத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், வெப்பநிலையைப் பாருங்கள். அழுத்தமானி உள்ளே இருப்பது நீராவியா காற்றா என்று பிரித்துச் சொல்லாது. அது காட்டும் 3 பாருடன் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே மொத்தம் 4 பார். முழுவதும் நீராவி என்றால் வெப்பநிலை ஏறக்குறைய 144 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். உங்கள் வெப்பமானி 135 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெப்பநிலைக்குரிய நீராவி அழுத்தம் சுமார் 3.1 பார்தான். மீதி 0.9 பார் காற்று.

அந்தக் காற்று கீழ்ப்பக்கம்தான் தங்கும், ஏனென்றால் அது நீராவியைவிடக் கனமானது. குலையின் உட்கதிர்களுக்கு இடையிலும் அடைந்திருக்கும். நீராவி பழக்காம்பைத் தொட்டுக் குளிர்ந்து நீராகும்போதுதான் வெப்பத்தைக் கொடுக்கிறது. நடுவே காற்று இருந்தால் அது நடக்காது. அழுத்தத்தை மூன்று முறை ஏற்றும் மூன்று ஏற்றச் சுழற்சி வைத்திருப்பதே இதற்காகத்தான். முதல் இரண்டு ஏற்றங்களிலும் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும்போது குலைக்குள் இருக்கும் ஈரம் கொதித்துக் கிளம்பிக் காற்றையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. மூன்றாவது ஏற்றத்தில்தான் 3 பாரில் நிறுத்தி அவிக்கிறோம்.

ஆகவே இரண்டைப் பாருங்கள். காற்றை வெளியேற்றும் கட்டத்தில் அடி வால்வு முழுமையாகத் திறக்கிறதா? நீர் வடியும் துளைத்தட்டு, உதிரிப்பழமும் நாரும் அடைத்துக் கிடக்கிறதா? வடியாத நீர் தேங்கினால் குலை ஏற்றிய கூண்டுகளின் அடியில் இருப்பவை நீரில் நனைந்து கிடக்கும், வேகாது.

பழைய பாய்லர்மேன், குளுவாங்:
துளைத்தட்டு என்றதும் உள்ளே எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதே அம்மா. ஸ்டெரிலைசர் மூடிய இடம். வேலையனுமதிச் சீட்டு, காற்றுப் பரிசோதனை, வெளியே காவலுக்கு ஓர் ஆள், நீராவி வால்வுகளுக்குப் பூட்டு, இத்தனையும் இருந்தால்தான் பயிற்சிச் சான்று பெற்றவர்கள் இறங்கலாம். 2010ஆம் ஆண்டின் மூடிய இடங்களுக்கான தொழில் நடைமுறைக் குறியீட்டில் இவை உள்ளன. பயிற்சி மாணவி யார் சொன்னாலும் இறங்கக் கூடாது. உதவிப் பொறியாளரே சொன்னாலும் மறுத்துவிடு. கதவைத் திறக்கும்போதும் எதிரே நிற்காதே. மிச்ச அழுத்தம் சிறிது இருந்தாலும் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

லாபிஸ் மாணவி:
நீங்கள் சொன்னபடி வெளியில் நின்றே குறிப்பெடுத்தேன். 3 பாரில் அடிப்பக்க வெப்பநிலை ஒன்றாம் எண்ணில் 142, இரண்டாம் எண்ணில் 134. வாராந்தரப் பராமரிப்பின்போது ஆலை ஆள்கள் முறைப்படி திறந்தார்கள். துளைத்தட்டில் பாதிக்கு மேல் நார் அடைத்திருந்தது. சுத்தம் செய்தபின் 141 வரை ஏறிவிட்டது. பழம் ஒட்டிய குலைகளும் குறைந்திருக்கின்றன, ஆனால் ஒன்றாம் எண்ணின் அளவுக்கு இல்லை. இன்னும் என்ன இருக்கும்?

ஆலைப் பொறியாளர், தெலுக் இந்தான்:
நல்ல வேலை. காய்க்குலைதான் காரணம் என்பதற்கு இனி இடமில்லை. மிச்சத்துக்கு அடி வால்வைப் பாருங்கள். அதோடு பரபரப்பான நேரத்தில் இரண்டு ஸ்டெரிலைசரும் ஒரே சமயத்தில் நீராவி இழுக்கின்றனவா என்றும் கவனியுங்கள். அப்படி இழுத்தால் ஏற்றம் மந்தமாகி முதல் இரண்டு ஏற்றங்களும் பெயருக்கு நடந்து முடியும். இயக்குபவரோடு ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தையும் வெப்பநிலையையும் எழுதி இரண்டு கோடுகளாக வரைந்துவிடுங்கள். அந்த அண்ணனுக்கு இவை பழக்கத்தில் தெரிந்திருக்கும். அவர் சொல்வதையும் அறிக்கையில் அவர் பெயரோடு சேருங்கள், அவர் சம்மதித்தால்.

திரெஷர் உருளையின் வேகத்தையும் ஒரு முறை அளந்து பாருங்கள். ஆனால் அது இரண்டு ஸ்டெரிலைசருக்கும் பொது, அதனால் கடைசியில் பார்த்தால் போதும்.

லாபிஸ் மாணவி:
நாளை இரவு ஷிப்டில் உட்கார உதவிப் பொறியாளர் அனுமதி தந்துவிட்டார். வரைபடம் கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன். துளைத்தட்டு விவரம் இன்றே எழுத்தில் போய்விட்டது, தோட்ட அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.