மறு: கோர் ஃபெசிலிட்டி, யூசர் ஃபெசிலிட்டி, பீம்டைம் – தமிழ்ல என்ன வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

இழை ஆரம்பிச்சதுலேந்து படிச்சிட்டு தான் இருக்கேன், இன்னைக்கு தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைச்சுது. நான் வேலை பாக்கறது ஒரு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஃபெசிலிட்டில, அதாவது வெளி ஆய்வாளர்கள் (யூசர்) வந்து பொதுக் கருவியை பயன்படுத்தற, நீங்க எல்லாரும் தமிழ்ப் பேர் தேடிட்டு இருக்கற மாதிரியான இடத்துல தான், அதனால கொஞ்சம் நீளமா போச்சுன்னா பொறுத்துக்கங்க. அவங்கவங்க வரிக்கு கீழயே பதில் போட்டிருக்கேன்.

> 'மைய வசதி'ன்னே வச்சுடலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துது, எல்லாருக்கும் புரியும்.

பொருந்துது ஐயா, ஆனா என்னன்னு புரியும்? வசதின்னா நம்ம காதுக்கு குடிநீர் வசதி, கழிப்பறை வசதி, வண்டி நிறுத்த வசதி. இல்லன்னா "அவங்க வசதியானவங்க". கோர் ஃபெசிலிட்டிக்குள்ள நடக்கற வேலை இதுல எதுவுமே இல்ல. ஒரு தனி லேப் வாங்க முடியாத, வாங்கினாலும் வருஷம் பூரா வேலை கொடுத்து ஓட்ட முடியாத ஒரு கருவி, அதை ஓட்டவும் பழுது பாக்கவும் தெரிஞ்ச நாலு பேரு, வெளிலேந்து மாதிரி (சாம்பிள்) எடுத்துட்டு வர்றவங்க, யாருக்கு எப்போன்னு முடிவு பண்ற ஒரு ஏற்பாடு. இது நாலும் சேர்ந்தா தான் கோர் ஃபெசிலிட்டி. கருவி மட்டும் இருந்தா அது ஷோரூம்.

கிரையோ மைக்ராஸ்கோப்பையே, அதாவது உறைய வச்ச மாதிரியை எலக்ட்ரான் கற்றையால படம் பிடிக்கற கருவியையே எடுத்துக்கங்க. 300 கிலோவோல்ட்ல ஓடற கருவி, அதிர்வே இல்லாத தரை வேணும், அறை வெப்பநிலை துளி ஆடக் கூடாது, மாதிரியை திரவ ஈத்தேன்ல ஒரே முக்குல உறைய வச்சு அப்புறம் முழுக்க திரவ நைட்ரஜன் குளிர்லயே வச்சிருக்கணும், ஒரு ராத்திரி ஓடினா டெராபைட் கணக்குல படம் குவியும், அதை வச்சுக்க தனி சேமிப்பு, பிரிச்சு பாக்க தனி கணினி. இந்த முறைக்கு 2017ல வேதியியல் நோபல் கொடுத்ததுக்கு அப்புறம் எல்லாருக்கும் ஒண்ணு வேணும்னு ஆசை வந்துது, எல்லாருக்கும் ஒண்ணு கட்டுப்படியாகாதுன்னும் சீக்கிரமே தெரிஞ்சுது. அதான் இங்கிலாந்துல ஹார்வெல் வளாகத்துல, டயமண்ட் சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரானை வளையத்துல வேகமா சுத்த விட்டு பலமான எக்ஸ்ரே எடுக்கற இயந்திரம்) பக்கத்துலயே, இபிஐசின்னு ஒரு மையம் வச்சு மைக்ராஸ்கோப்புக்கும் சிங்க்ரோட்ரான் மாதிரியே விண்ணப்பம் போட்டு நேரம் வாங்கற பழக்கத்தை கொண்டு வந்தாங்க.

'மைய'வும் எனக்கு ஒட்டல. மையம்னா நடுவுல இருக்கறது, இல்லன்னா மேலேந்து ஆளறது. இது நடுவுலயும் இல்ல, ஆளவும் இல்ல, பல பேருக்கு பொதுவா இருக்கு, அவ்வளவு தான். அதனால என் ஓட்டு 'பொதுக்கருவியகம்'.

> ஒருங்கிணைந்த பல்துறை ஆய்வு வளாகம் என்பதே முழுப் பொருளையும் தருகிறது. ஒரே கூரையின் கீழ் பல துறையினர் கூடினால் கூட்டாய்வு தானே மலரும்.

போர்டுல எழுத நல்லா இருக்கும், வாய்ல நிக்காது. அதை விட, "தானே மலரும்"ங்கறது தான் எனக்கு இடிக்குது. பக்கத்துல உட்கார்ந்தா பேச்சு வளரும்ங்கறது உண்மை தான், எம்ஐடில தாமஸ் ஆலன்னு ஒருத்தர் பொறியாளர்களோட மேசைக்கு மேசை தூரத்தையும் அவங்க எவ்வளவு தடவை பேசிக்கறாங்கன்றதையும் அளந்து 1977ல புத்தகமா போட்டாரு, 50 மீட்டர் தாண்டிட்டா வாரம் ஒரு தடவை பேசறதே அபூர்வம்னு ஆகிடுது. லண்டன்ல 2016ல திறந்த கிரிக் ஆய்வகத்துல துறைகள்னே பிரிக்காம எல்லாரையும் கலந்து உட்கார வச்சிருக்கறது இதே நம்பிக்கைல தான்.

ஆனா பேச்சு வேற, கூட்டாய்வு வேற. நான் பாத்த வரைக்கும் கேன்டீன்ல பிறந்த யோசனையை விட ஒரே சாம்பிள் இந்த கருவிலேந்து அந்த கருவிக்கு போக வேண்டிய கட்டாயத்துல பிறந்த கூட்டு தான் நிலைச்சு நிக்குது. பிரான்ஸ்ல கிரெனோபிள் வளாகத்தை எடுத்துக்கங்க. 844 மீட்டர் சுற்றளவு இருக்கற ஈஎஸ்ஆர்எஃப் எக்ஸ்ரே வளையம், பக்கத்துலயே ஐஎல்எல்னு நியூட்ரான் கொடுக்கற அணு உலை, அதே இடத்துல ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தோட ஒரு கிளை. எக்ஸ்ரே எலக்ட்ரானை தான் பாக்கும், ஹைட்ரஜன்கிட்ட இருக்கறதே ஒரு எலக்ட்ரான், அதனால புரதத்துல ஹைட்ரஜன் எங்க இருக்குன்னு எக்ஸ்ரேக்கு சரியா தெரியாது. நியூட்ரானுக்கு தெரியும், இன்னும் சொல்லப் போனா சாதா ஹைட்ரஜனையும் டியூட்டீரியத்தையும் (கூட ஒரு நியூட்ரான் இருக்கற கனமான ஹைட்ரஜன்) வேற வேறயாவே பாக்கும். அதை வச்சு ஒரு வித்தை இருக்கு. கரைசல்ல ஏறக்குறைய 40 சதவீதம் கனநீர் (டியூட்டீரியத்தால ஆன தண்ணி) கலந்தா புரதம் நியூட்ரானுக்கு பின்னணியோட கலந்து மறைஞ்சிடும், டிஎன்ஏ மட்டும் தெரியும். 65 சதவீதம் பக்கம் கொண்டு போனா டிஎன்ஏ மறைஞ்சு புரதம் தெரியும். இதுக்கெல்லாம் தோதா டியூட்டீரியம் ஏத்தின புரதம் வேணும், அதுக்கு பாக்டீரியாவை கனநீர்ல வளர்க்கணும், அதுக்குன்னே அங்க ஒரு தனி லேப் வச்சிருக்காங்க. உயிரியல்காரங்க வளர்த்து கொடுக்க, வேதியியல்காரங்க சுத்தம் பண்ண, இயற்பியல்காரங்க நியூட்ரான்ல காட்ட, அதே புரதம் எக்ஸ்ரேக்கும் போய் வர, கடைசில கணக்கு போடறவங்க ரெண்டையும் பொருத்தி பாக்க, இத்தனை பேர் சேர்ந்தது கூரை ஒண்ணா இருந்ததால இல்ல, ஒரு கருவிக்கு தெரியாதது இன்னொரு கருவிக்கு தெரிஞ்சதால.

அதனால சொல்லு வளாகத்து மேல விழ வேண்டாம், கருவி மேலயும் அதை பங்கு போடறது மேலயும் விழட்டும்ங்கறது தான் என் கட்சி.

> பீம்டைமுக்கு 'கற்றை நேரம்' போதாதா அக்கா? நேரடியா இருக்கே.

தம்பி, வளையம் ஓடற வரைக்கும் எக்ஸ்ரே கற்றை ராப்பகலா வந்துட்டே தான் இருக்கு, அது எல்லாமே கற்றை நேரம் தான். பீம்டைம்ங்கறது அதுல உனக்குன்னு ஒதுக்கின துண்டு. வருஷத்துக்கு ரெண்டு தடவை விண்ணப்பம் போடணும், இந்த ஆய்வு எதுக்கு, இந்த கருவி தான் ஏன், இத்தனை ஷிப்ட் ஏன் கேக்கறேன்னு எழுதணும், வெளி ஆளுங்க உட்கார்ந்து மதிப்பிட்டு பாதி பேருக்கு மேல திருப்பி அனுப்பவும் செய்வாங்க. கிடைச்சா எட்டு மணி நேர ஷிப்ட் கணக்குல கொடுப்பாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் அது உன் பொழுது, தூங்கிட்டா போச்சு. முடிவை வெளியிடறதா ஒத்துக்கிட்டா பெரும்பாலும் காசு கிடையாது, ரகசியமா வச்சுக்க நினைக்கற கம்பெனிங்க தான் காசு கட்டணும்.

இதுக்கு சரியான சொல் நம்ம பாசனத்துல இருக்கு: முறைநீர். வாய்க்கால்ல தண்ணி ஓடிட்டே இருக்கும், ஆனா இந்த மடை இன்ன நாள் இன்னாருக்குன்னு முறை. உரிமை, வரிசை, அளவு, விட்டா போச்சுங்கற பயம், எல்லாமே அந்த 'முறை'க்குள்ள இருக்கு. அதனால 'முறைப்பொழுது'. கற்றைக்குன்னு குறிப்பா சொல்லணும்னா 'கற்றை முறைப்பொழுது'. தொலைநோக்கிக்கும் இதே தான், மைக்ராஸ்கோப்புக்கும் இதே தான், சூப்பர் கணினிக்கும் சொல்லலாம், நாலு எடத்துக்கு நாலு சொல் தேட வேண்டாம்.

கொலாபரேஷனுக்கு யாரோ 'கூட்டாய்வு' போதும்னு எழுதியிருந்தீங்க. செயலுக்கு போதும். ஆனா ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்துல அட்லஸ் கொலாபரேஷன், சிஎம்எஸ் கொலாபரேஷன்னு சொல்றது ஒரு அமைப்பு, அதுக்கு விதி உண்டு, தேர்தல் வச்சு எடுக்கற பேச்சாளர் உண்டு. 2015ல இந்த ரெண்டு அமைப்பும் சேர்ந்து ஹிக்ஸ் துகளோட நிறை பத்தி போட்ட கட்டுரைல 5,154 பேர் ஆசிரியர்கள், 33 பக்கத்துல 24 பக்கம் பேர் தான். அதுக்கு தனி இழை போடுங்க, இங்க வேண்டாம்.

---

அன்புள்ள அம்மா,

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன். விளக்கம் நன்றாக இருந்தது, ஆனா இரண்டு ஆட்சேபம். கருவியகம் என்றால் சுத்தியல், ஸ்பானர் வைக்கிற அறை என்று தான் என் மாணவர்கள் நினைப்பார்கள். நூலகத்தில் நூல் இருக்கிற மாதிரி கருவியகத்தில் கருவி இருக்கும், அங்கே வேலை நடக்கிறதாகத் தோன்றாது. நீங்களே ஷோரூம் என்று கிண்டல் செய்தீர்கள், உங்கள் சொல்லே அங்கே தான் கொண்டு போய் விடுகிறது. இரண்டாவது, முறை என்றால் மெத்தட் என்று பாடநூலில் நிலைத்துவிட்டது. 'செய்முறை', 'ஆய்வுமுறை' என்று படித்தவனுக்கு முறைப்பொழுது குழப்பும். யூசருக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவே இல்லையே?

---

ஐயா, ரெண்டும் நியாயமான கேள்வி.

முதல்ல கருவியகம். 'பொது ஆய்வுக்கூடம்'னு போனா பள்ளிக்கூடத்து லேப் ஞாபகம் வருது, 'பகிர்வு ஆய்வகம்'னா ரெண்டு பேரு ஒரே மேசையை பங்கு போட்ட மாதிரி இருக்கு. உங்க ஆட்சேபம் வேலை நடக்கறது தெரியலன்றது தானே, அப்போ 'பொதுக்கருவி ஆய்வகம்'. ஒரு அசை கூடுது, பரவாயில்ல, ஸ்பானர் ஓடி போயிடும். இதுல எனக்கு பிடிச்சது என்னன்னா ஆய்வகம்னு வந்துட்டதால உள்ள இருக்கறவங்களும் ஆய்வாளர்னு ஆகிடறாங்க. இது சின்ன விஷயம் இல்ல. பல எடத்துல எங்க மாதிரி ஆளுங்களை டெக்னீஷியன்னு சொல்லிட்டு கட்டுரை கடைசில நன்றி வரில ஒரு பேரு போட்டு முடிச்சிடுவாங்க, உறைய வச்சது, சீராக்கினது, பாதி நேரம் "இந்த மாதிரில புரதமே உடைஞ்சு கிடக்கு, திரும்ப சுத்தம் பண்ணி எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லி அவங்க வருஷத்தை காப்பாத்தினது எல்லாம் நாங்க. இப்போ பல இதழ்கள்ல யார் என்ன செஞ்சாங்கன்னு 14 வகையா பிரிச்சு எழுத சொல்றாங்க, யோசனை, மென்பொருள், அளவீடு, நிதின்னு, அதுக்கப்புறம் கொஞ்சம் பரவாயில்ல. வசதின்னு பேர் வச்சா வசதிக்கு நன்றி சொன்னா போதும்னு தான் தோணும்.

முறைக்கு வருவோம். பள்ளிக்கூடத்துல செய்முறைன்னு படிச்ச பையனே வீட்டுல "இப்போ என் முறை"ன்னு சண்டை போடறான், குழம்பறது இல்ல. பொழுதுங்கற சொல் பின்னாடி நிக்கறப்போ மெத்தட்ங்கற அர்த்தம் வரவே வழி இல்ல. வாக்கியத்துல போட்டு பாருங்க: "எங்களுக்கு இண்டஸ்-2ல (இந்தூர்ல இருக்கற சிங்க்ரோட்ரான்) மூணு முறைப்பொழுது கிடைச்சிருக்கு", "முறைப்பொழுது கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கோம்", "வளையம் பழுதாகி முறைப்பொழுது வீணாப் போச்சு". என் காதுக்கு மூணுமே இடறல. 2009 நோபல் வாங்கின வெங்கி ராமகிருஷ்ணன் குழு கேம்பிரிட்ஜ்ல இருந்துட்டு ரைபோசோம் (செல்லுக்குள்ள புரதம் செய்யற அமைப்பு) படிகத்தை தூக்கிக்கிட்டு அமெரிக்கால ஆர்கான் (Argonne) ஆய்வகத்து சிங்க்ரோட்ரானுக்கு போனாங்களே, அதை எழுதறப்போ "கற்றை நேரத்துக்குப் போனார்கள்"னா ஒண்ணும் தெரியல, "முறைப்பொழுது வாங்கிப் போனார்கள்"னா பின்னாடி ஒரு காத்திருப்பு இருந்துதுன்னு தெரியுது.

யூசர் தான் மாட்டிக்கிட்டு முழிக்கறேன். பயனர்னா கணினில கடவுச்சொல் போடறவர், 'பயனர் ஆய்வகம்'னா பயன்படுத்த சுலபமான ஆய்வகம்னு படிப்பாங்க. முறைப்பொழுதை வச்சு 'முறைகாரர்'னு சொல்லி பாத்தேன், அர்த்தம் அச்சா பொருந்துது, ஆனா லேப்ல ஒருத்தி "அத்தை பையனா?"ன்னு கேட்டதுலேந்து சிரிப்பை அடக்க முடியல. 'வருகை ஆய்வாளர்'னு ஒண்ணு இருக்கு, ஆனா இப்போ பாதி பேர் வர்றதே இல்ல, படிகத்தை திரவ நைட்ரஜன் குடுவைல அனுப்பிட்டு ரோபோ அதை எடுத்து வைக்க வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே ஓட்டறாங்க.

---

அக்கா, முறைகாரர் நல்லா தானே இருக்கு, நான் ஆதரவு. கோயில்ல கூட முறை வச்சு பூசை பண்றவங்களை அப்படி தான் சொல்வாங்க, அங்க யாரும் அத்தை பையன்னு கேக்கறதில்ல. ஆனா பீம்லைனுக்கு என்ன சொல்றதுன்னு யாருமே சொல்லலயே?

---

தம்பி, 'கற்றைத்தடம்'. அதுக்கு சண்டை வராதுன்னு நினைக்கறேன், வளையத்துலேந்து கருவி வரைக்கும் கற்றை போற தடம், அவ்வளவு தான். அங்க பொறுப்பா இருக்கறவர் கற்றைத்தட ஆய்வாளர்.

கலைச்சொல் பட்டியல்ல இப்போதைக்கு பொதுக்கருவி ஆய்வகம், முறைப்பொழுது, கற்றைத்தடம் மூணையும் ஏத்திடறேன். முறைகாரருக்கு எதிரே கேள்விக்குறி போட்டு வைக்கறேன், ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு ஆறு மணிக்கு ஒருத்தங்க சாம்பிள் எடுத்துட்டு வர்றாங்க, நைட்ரஜன் நிரப்பி வைக்கணும், வரேன்.