முஹம்மது அப்துஹு முஃதஸிலாவா?

பரங்கிப்பேட்டையான்: சலாம். அறிவும் வஹீயும் (இறைச்செய்தியும்) மோதாது என்று எகிப்தின் மார்க்க அறிஞர் அப்துஹு சொன்னாராமே, அப்போ அவர் முஃதஸிலாவா, அதாவது அறிவுக்கு முதலிடம் தந்த அந்தப் பழைய இறையியல் பிரிவைச் சேர்ந்தவரா? டீக்கடையில் பெரிய சண்டையே நடந்தது.

புதுவை வாசகன்: எடுத்ததும் முத்திரை குத்தாதீங்க பாய். கண்மூடித்தனமான தக்லீதை, அதாவது முன்னோர் சொன்னதை ஆராயாமல் அப்படியே பின்பற்றுவதைத்தான் அவர் எதிர்த்தார். பெய்ரூத்தில் நாடுகடத்தப்பட்டு இருந்தபோது நடத்திய பாடங்களிலிருந்து உருவான ‘ரிஸாலத்துத் தவ்ஹீத்’ என்ற அவருடைய நூல் 1897இல் வந்தது, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதுநகர் பாய்: எனக்கு அவருடைய கல்வி வேலைதான் பெரிசு. சின்ன வயதில் எகிப்தின் தன்தா நகரப் பள்ளிவாசலில் இலக்கண உரையை அர்த்தமே புரியாமல் மனப்பாடம் பண்ணச் சொன்னதில் வெறுத்து ஓடிப்போனவர், 1895இல் கெய்ரோவின் அல்அஸ்ஹர் மார்க்கக் கல்வி நிலைய நிர்வாகக் குழுவில் சேர்ந்து பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர் சம்பளம் வரை கை வைத்தார். 1899இல் எகிப்தின் முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்பவர்) ஆன பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. 1905இல் குழுவிலிருந்து விலகினார், அதே வருடம் மவுத்.

பரங்கிப்பேட்டையான்: தன்தா கதை எங்க மதரஸா பசங்களுக்கு அப்படியே பொருந்தும். ஜஸாக்கல்லாஹ்.