பெட்டியில் வந்த மிக்ஸி, கிரைண்டர்: வெளிநாட்டு பிளக்கில் என்ன ஆச்சு?

நியூஜெர்சி:
இந்த ஊர் பிளெண்டர்ல கெட்டிச் சட்னி வராது. தண்ணி ஊத்தினாத்தான் பிளேடு பிடிக்கும். அதனாலதானே எல்லாரும் துணிக்கு நடுவுல மிக்ஸியைச் சுத்தி எடுத்துட்டு வர்றோம்! நம்ம ஊர் 230 வோல்ட் மிக்ஸியை, பின்னை மட்டும் மாத்தி இங்க 120 வோல்ட்ல போட்டா, வீட்டுல கேட்ட அந்த இரைச்சல் வரல, முனகல்தான். வோல்ட் பாதியானா சக்தி கால்வாசிதான். தேங்காய்ச் சில்லு சிக்கி பிளேடு நின்னுடுச்சு. சுவிட்சை அணைக்கிறதுக்குள்ள வார்னிஷ் கருகுற வாசனை. நின்ன மோட்டார்ல விசிறியும் நின்னுடும், சூடு வெளிய போக வழியில்ல. அந்த வாசனை இன்னும் மூக்குலயே இருக்கு.

டொரன்டோ:
120 வோல்ட்டை 230 ஆக ஏற்றும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வைத்தும் ஏமாறலாம். 750 வாட் மிக்ஸிக்கு 750 வாட் டிரான்ஸ்பார்மர். குமிழை நேராக 3-க்குத் திருப்பியதும் ஒரே உறுமல், ஃபியூஸ் போயிற்று. மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 1500 வாட்டாவது வேண்டும். ஜாடியில் பாதிக்கு மேல் போடாமல் 1-ல் தொடங்குங்கள். ஹேர் டிரையருக்கென்று விற்கும் கையடக்க கன்வெர்ட்டர் மோட்டாருக்கு ஆகாது, எத்தனை வாட் என்று போட்டிருந்தாலும் சரி.

ஒசாக்கா:
1500 வாட் டிரான்ஸ்பார்மர் இருந்தால் போதும் என்று டொரன்டோ நண்பர் சொல்வது மிக்ஸிக்குச் சரி, கிரைண்டருக்குத் தவறு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை ஏற்றும், ஹெர்ட்ஸை (மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற கணக்கு; நம் ஊரில் 50, இங்கே 60) மாற்றாது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், 50 ஆனாலும் 60 ஆனாலும் ஓடும். கிரைண்டரில் இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 சதவீதம் வேகமாகச் சுற்றும். இங்கே 100 வோல்ட்டை 230 ஆக்கிப் போட்டதும் உளுந்து மாவு டிரம் விளிம்பைத் தாண்டித் தெறித்தது. மாவு சூடாகக் கூடாது என்றுதானே கிரைண்டரைத் தேடுகிறோம், அதுவே கெட்டது. இதே கிரைண்டர் டோக்கியோவில் ஒழுங்காக ஓடும். ஜப்பானின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதி 60.

சியாட்டில்:
இந்த ஊர் மின்சாரத்துக்கென்று விற்கும் 110 வோல்ட் மாடலையே வாங்கியவர்களுக்கும் ஒன்று உண்டு. ஊருக்குக் கொண்டுபோய் 230-ல் செருகிய மிக்ஸி, ஒரு அலறல், புகை, முடிந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஊரிலிருந்து மோட்டாரைச் சுமக்காதீர்கள், உதிரிகளைக் கொண்டுவாருங்கள்: ஜாடிக்கு அடியில் பிளேடை மோட்டாரோடு இணைக்கும் பல்லுள்ள கப்ளர் இரண்டு, மூடி வாஷர் மூன்று, அதே மாடலுக்கான கார்பன் பிரஷ் ஒரு ஜோடி. முதலில் தேய்வது கப்ளர்தான். பல் மழுங்கினால் மோட்டார் சுற்றும், பிளேடு சுற்றாது, மோட்டார் போய்விட்டதென்று நினைத்து மிக்ஸியையே தூக்கிப்போடுகிறார்கள். பாவம். வாஷர் கடினமானால் சட்னித் தண்ணீர் கசிந்து மோட்டாருக்குள் இறங்கும். 15 ஆம்பியர் பிளக்கில் 120 வோல்ட்டுக்கு 1800 வாட்தான், அதே லைனில் மைக்ரோவேவ் ஓடும்போது அரைக்காதீர்கள், பிரேக்கர் விழும். கிரைண்டர் மூன்று பின்னோடு வந்தால் எர்த்தை வெட்டிவிடும் இரண்டு பின் அடாப்டர் வேண்டவே வேண்டாம். உள்ளே கசிவு இருந்தால் ஈரக்கையோடு ஸ்டீல் டிரம்மைத் தொடும்போது ஷாக் அடிக்கும். 110 வோல்ட் மாடலை ஊருக்குக் கொண்டுபோனால், பிளக் பக்கத்து ஒயரில் '110 மட்டும்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஊரில் அதைச் செருகப்போவது நீங்களாக இருக்காது, அம்மாவாக இருக்கும்.