ஒலிப்பதிவு தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழக மாணவர்களுக்காக நாங்கள் நடத்தும் திரைப்பட இதழில், அடுத்த முறை ஒலிக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நடிகர் தேர்வு, வெளியீட்டுத் தேதி போன்ற செய்திகள் எங்கும் கிடைக்கின்றன; படம் எப்படி உருவாகிறது என்று எழுதத்தான் ஆளில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

ஷாட் தொடங்கும்போது கேமரா முன் தட்டும் கிளாப் பலகை எதற்கு என்பது வரை எழுதிவிட்டேன்: பலகை மோதும் சத்தத்தையும் அது மூடும் ஃபிரேமையும் பொருத்தினால் படமும் ஒலியும் சேர்ந்து ஓடும். நொடிக்கு 24 ஃபிரேம் என்னும்போது, இரண்டு மூன்று பிசகினாலே உதட்டசைவு உறுத்தத் தொடங்கிவிடும்.

இதற்கு மேல் அனுபவசாலிகள்தான் சொல்ல வேண்டும். வசனத்தைப் படப்பிடிப்பிலேயே பதிவதா, பின்னர் டப்பிங் செய்வதா என்று எந்தக் கட்டத்தில் முடிவெடுப்பீர்கள்? யாரும் பேசாத அறையின் ஒலியைத் தனியே பதிந்துகொள்ளச் சொல்வார்களே, படத்தொகுப்பில் வெட்டுகளுக்கிடையே அதை எப்படி நிரப்புகிறீர்கள்? செல்பேசியில் குறும்படம் எடுக்கும் மாணவர் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியுமென்றால் நீண்ட கோலில் பொருத்தி நடிகர் அருகே நீட்டும் பூம் மைக்கா, சட்டையில் குத்தும் மைக்கா? என் எண்ணம் பூம் மைக் பக்கம். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

பதிலை உங்கள் பெயரோடு வெளியிடலாமா என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள்.