மீட்டு வர ஒருவருக்கு மட்டுமே இடம்: எந்த ஸ்பீட்வே வீரர்?

சாம்பல்தடம்

ஸ்பீட்வே பந்தயம் தமிழ் வாசகர்களில் பலருக்குப் புதியது என்பதால் சில வரிகளில் அறிமுகம் செய்துவிட்டு கேள்விக்கு வருகிறேன். பிரேக் இல்லாத, ஒரே ஒரு கியர் கொண்ட, மெத்தனாலில் ஓடும் 500 சிசி வண்டிகளில் நால்வர் ஒரே நேரத்தில் புறப்பட்டு, மண் தடத்தில் இடப்பக்கமாகவே திரும்பி நான்கு சுற்றுகள் ஓட்ட வேண்டும். முதல்வருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரு பந்தயம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 1995க்கு முன் உலகப் பட்டம் பெரும்பாலும் ஒரே இரவில், பதினாறு பேர் ஆளுக்கு ஐந்து முறை ஓட்டும் இறுதிப்போட்டியில் முடிவாகிவிடும்; அதன் பின்னரே பருவம் முழுவதும் நடைபெறும் கிராண்ட் பிரீ தொடர் வந்தது.

கேள்வி இதுதான்: இறந்தவரோ ஓய்வு பெற்றவரோ, கடந்த காலத்திலிருந்து ஒரே ஒருவரை அவருடைய முழுத் திறனோடு மீட்டுவந்து இன்றைய தடத்தில் இறக்கலாம் என்றால் யாரை அழைப்பீர்கள்?

என் தேர்வு பீட்டர் கிரேவன். லிவர்பூலில் பிறந்த இந்தச் சிறிய உருவத்தினர் 1955இல் இருபத்தொரு வயதில் உலகப் பட்டம் வென்றார்; 1962இல் பேரி பிரிக்ஸையும் ஓவே ஃபுண்டினையும் பின்னுக்குத் தள்ளி மீண்டும் வென்றார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் எடின்பரோவில், தமக்கு முன்னால் விழுந்த வீரரின் மேல் ஏறிவிடாமல் விலகியபோது வேலியில் மோதினார். நான்கு நாட்களில் இறந்தார். வயது 29.

நாலாம் கேட்

கிரேவனின் முடிவு எனக்கும் வருத்தம் தருவதுதான். ஆனால் கேட்கப்பட்டிருப்பது யாருக்காக வருந்துகிறோம் என்பதல்ல, யாரை ஓட்டவைத்துப் பார்க்க விரும்புகிறோம் என்பது. அதற்கு என் விடை ஐவன் மேஜர். (ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நம்மில் பலர் 'மாகர்' என்று எழுதுகிறார்கள், அவர் பெயரின் உச்சரிப்பு மேஜர்தான்.) 1968, 1969, 1970, 1972, 1977, 1979 என்று ஆறு உலகப் பட்டங்கள், அவற்றில் முதல் மூன்றும் தொடர்ச்சியானவை. மூன்று முறை தொடர்ந்து வென்றால் வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருவதாக அமெரிக்க ரசிகர் இருவர் வாக்களித்திருந்தார்கள்; 1970இல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் மூன்றாவது பட்டத்தை வென்றபின் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது.

என்னைக் கவர்வது தங்கத்தைவிட அவருடைய தொடக்கம். நியூசிலாந்திலிருந்து பதின்ம வயதில் விம்பிள்டன் அணிக்கு வந்து, காலூன்ற முடியாமல் ஊர் திரும்பி, 1963இல் நியூகாசில் அணிக்காக மறுபடியும் கப்பலேறிய மனிதர் அவர். இயற்கையின் கொடையால் மட்டும் வென்றவரல்லர். வண்டியையும் உடலையும் துவக்க நாடா உயரும் அந்தக் கணத்தையும் ஒரு தொழிலாகவே கற்றுத் தேர்ந்தவர். அப்படிப்பட்டவர் இன்றைய வண்டியையும் ஒரே பருவத்தில் கற்றுக்கொள்வார்.

சாம்பல்தடம்

பட்டங்களை எண்ணித்தான் தேர்வு செய்ய வேண்டுமென்றால் விவாதமே தேவையில்லை, பட்டியலைப் பார்த்தால் போதும். ஒரே இரவில் முடியும் இறுதிப்போட்டியில் பட்டம் யாருக்குப் போகும் என்பதைத் திறமையோடு வேறு பலவும் சேர்ந்தே தீர்மானித்தன. நீங்கள் குறிப்பிடும் 1977ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். கோதன்பர்க்கில் மேஜர் வென்றார்; இரண்டாம் இடம் பிடித்த பீட்டர் காலின்ஸ் அதற்குச் சில நாட்கள் முன்பு முறிந்த காலோடு ஓட்டினார். அந்தக் கால் நலமாக இருந்திருந்தால் உங்கள் ஆறு ஐந்தாகியிருக்கலாம்.

நாலாம் கேட்

அதே தர்க்கத்தின்படி 1973ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? ஹோசுஃப் அரங்கில் பெரும் போலந்துக் கூட்டத்தின் நடுவே புள்ளிகள் சமமானதால் பட்டத்துக்காக நடந்த தனிப் பந்தயத்தில் மேஜர் கீழே விழுந்தார். யெர்சி ஷ்சாக்கியெல் வென்று போலந்தின் முதல் தனிநபர் உலகப் பட்டத்தைப் பெற்றார். 'இருந்திருந்தால்' என்று தொடங்கினால் மேஜருக்கு ஐந்தும் ஆகலாம், ஏழும் ஆகலாம்.

பழைய பதிவேடு

இருவருமே உலகப் பட்டம் என்ற அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்த அளவுகோல் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவரை என்ன செய்வது? நான் டாம் ஃபார்ண்டனை முன்மொழிகிறேன்.

உலக சாம்பியன் போட்டி முதன்முதலில் 1936இல் வெம்ப்ளியில் நடைபெற்றது. கொவென்ட்ரியில் பிறந்த ஃபார்ண்டன், அதற்கு முன் இங்கிலாந்தின் தலையாய தனிநபர்ப் போட்டியாக இருந்த ஸ்டார் ரைடர்ஸ் சாம்பியன்ஷிப்பை 1933இல் வென்றவர். பிறகு லண்டனின் நியூ கிராஸ் அணிக்கு வந்தார். மிகச் சிறிய தடம் என்பதால் ரசிகர்கள் 'வாணலி' என்று பெயர் வைத்திருந்த தடம் அது. 1935 ஆகஸ்டின் இறுதியில் அதே வாணலியில், தமக்கு முன்னால் விழுந்த தம் அணித் தோழர் ரான் ஜான்சனின் வண்டியில் மோதி, இரண்டு நாட்களில் இறந்தார். வெம்ப்ளி இறுதிப்போட்டிக்கு அப்போது ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலமே எஞ்சியிருந்தது. கிரேவனுக்கு இரண்டு பட்டங்களாவது கிடைத்தன. ஃபார்ண்டனுக்குப் போட்டியிடும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

நாலாம் கேட்

பதிவேட்டாரின் தேடலை மதிக்கிறேன். இருந்தாலும் நம்மில் ஒருவர்கூட ஃபார்ண்டன் ஓட்டியதைப் பார்த்ததில்லை. அவரைப் பார்த்தவர்களிடம் கேட்கவும் வழியில்லை. செவிவழிப் புகழுக்கு இருக்கும் ஒரே ஓர் இடத்தைக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அநீதிக்கு ஈடு செய்வதுதான் நோக்கமென்றால் ப்ளூயி வில்கின்சன் வரிசையில் முன்னால் நிற்கிறார். 1936 இறுதிப்போட்டியில் ஐந்து பந்தயங்களிலும் அவரே முதல்வர். ஆனால் முந்தைய சுற்றுகளின் ஊக்கப் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தபோது லயனல் வான் ப்ராகும் எரிக் லாங்டனும் தலா 26, வில்கின்சன் 25. தனிப் பந்தயத்தில் வான் ப்ராக் பட்டம் வென்றார். அன்றிரவு யாரிடமும் தோற்காதவர் மூன்றாம் இடத்தோடு வீடு திரும்பினார்.

பழைய பதிவேடு

வில்கின்சனின் கணக்கு 1938இல் அவர் பட்டம் வென்றபோதே நேராகிவிட்டது. ஃபார்ண்டனின் கணக்கு நேராகவில்லை என்பதே என் வாதம். பார்த்ததில்லை என்பதைத் தடையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுவே காரணம். பார்த்துத் தீர்ந்தவரை மறுபடியும் அழைப்பதைவிட, படச்சுருளில்கூட அரிதாகவே கிடைக்கும் ஒருவரை அழைப்பதில் பொருள் இருக்கிறது. மேஜரின் பந்தயங்களை இன்று மாலையே நீங்கள் இணையத்தில் பார்க்கலாம்.

வெளிவட்டம்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நீதி, எண்ணிக்கை, அரிது என்று மூன்று அளவுகோல்கள் வந்துவிட்டன. எதற்காக இந்தப் பந்தயத்தைப் பார்க்கிறோம் என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. நாடா உயர்ந்த கணத்தில் முதல் வளைவைப் பிடித்தவரே நான்கு சுற்றும் முன்னால் போய் முடிப்பதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட அதிகம். பின்னால் தொடங்கி, வெளிவேலியை ஒட்டி இளகிக் குவிந்திருக்கும் மண்ணில் பின்சக்கரத்துக்குப் பிடிப்புத் தேடி, ஒவ்வொருவராகக் கடந்து வருபவருக்காகத்தான் நான் பார்க்கிறேன். அந்தக் கலையில் எனக்குத் தெரிந்தவரை 1976இன் உலக சாம்பியன் பீட்டர் காலின்ஸுக்கு இணையில்லை. துவக்கத்தில் பிந்தினாலும் அவர் தோற்றுவிட்டதாக அரங்கில் யாரும் நினைக்கமாட்டார்கள்.

மேஜர் சிறந்த வீரர்தான். ஆனால் துவக்கத்தில் அவர் காட்டிய அந்தத் துல்லியமே பல பந்தயங்களை முதல் வளைவில் முடித்து வைத்தது. அவருடைய ரசிகர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நான் குறையாகச் சொல்கிறேன்.

நாலாம் கேட்

துவக்கத்தில் முந்துவது குறை என்று ஸ்பீட்வே ரசிகர் ஒருவர் எழுதிப் படிப்பது இதுவே முதல் முறை. சமைக்கத் தெரிந்தது ஒரு பெண் பார்க்கும் சடங்கில் குறையாகிப் போனதைப் போல இருக்கிறது.

வெளிவட்டம்

உவமை நன்று, சாப்பிடுபவனின் பக்கமிருந்துதான் நான் பேசுகிறேன்.

பழைய பதிவேடு

கடந்து செல்வதுதான் அளவுகோல் என்றால் 1981 வெம்ப்ளியின் ப்ரூஸ் பென்ஹாலை விட்டுவிட்டீர்களே. ஓலே ஓல்சனையும் டாமி நூட்சனையும் இருவேறு பந்தயங்களில் முடிவுக்கோட்டருகே பிடித்து முந்திய இரவு அது. வெம்ப்ளியில் நடந்த கடைசி உலக இறுதிப்போட்டியும் அதுவே.

வெளிவட்டம்

மறக்கவில்லை. ஆனால் பென்ஹால் 1982இல் லாஸ் ஏஞ்சலஸில் இரண்டாம் பட்டத்தை வென்ற கையோடு நடிக்கப் போகிறேன் என்று தாமாகவே விடைபெற்றவர். போக விரும்பியவரைக் கையைப் பிடித்து இழுத்து வருவானேன்?

சாம்பல்தடம்

வெளிவட்டத்தாரின் கடைசி வரி என்னை யோசிக்க வைத்தது. விரும்பிப் போனவர், விபத்தால் பறிக்கப்பட்டவர் என்ற வேறுபாடு என் தேர்வுக்கு வலு சேர்க்கிறது. கிரேவனை எடின்பரோவின் அந்த வளைவுக்குத் திருப்பி அனுப்ப நான் கேட்கவில்லை. இன்றைய தடத்துக்கு அழைக்கிறேன். பெரிய தடங்களின் வளைவுகளில் இன்று காற்று நிரப்பிய வேலிகள் இருக்கின்றன. அன்று விலகிச் செல்ல எடுத்த அதே முடிவை இன்று எடுத்தால், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த பந்தயத்துக்கு வரும் வாய்ப்பு அவருக்கு மிக அதிகம்.

நாலாம் கேட்

வேலி மாறியதைச் சொன்னீர்கள். வண்டி மாறியதைச் சொல்லவில்லை. கிரேவன் ஓட்டியது நிமிர்ந்து நிற்கும் இரு வால்வு எஞ்சின். 1970களின் நடுவில் நான்கு வால்வு எஞ்சின்கள் வந்தன. 1990களில் எஞ்சினையே வண்டியின் சட்டகத்துக்குள் படுக்க வைத்துவிட்டார்கள். எடை கீழே இறங்கியதும் வண்டி வளைவில் நடந்துகொள்ளும் விதமே வேறாகிவிட்டது. வண்டியின் மேல் உடலைத் துள்ளவிட்டு, மற்றவர்கள் விழும் கோணத்திலும் விழாமல் நின்றதுதான் கிரேவனின் புகழ் என்று அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து புரிந்துகொள்கிறேன். அந்தக் கலை பழைய வண்டியோடு பிறந்தது. புதிய வண்டியில் அவரை ஏற்றினால் வருபவர் கிரேவன்தானா? மேஜரோ இரு வால்வு காலத்தில் நான்கு பட்டங்களும் நான்கு வால்வு காலத்தில் இரண்டும் வென்றவர். மாற்றத்தைக் கடந்ததற்கு அவரிடம் சான்று இருக்கிறது. உங்களிடம் நம்பிக்கை மட்டும் இருக்கிறது.

சாம்பல்தடம்

இந்த வாதத்துக்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகவே விதியைத் திருத்துகிறேன். கேள்வியைத் தொடங்கியவன் என்ற உரிமை எனக்கு உண்டு என்று எண்ணுகிறேன். ஒவ்வொருவரும் தத்தம் காலத்து வண்டியோடு வரட்டும்.

பழைய பதிவேடு

அப்படியானால் ஃபார்ண்டனின் அந்தக் காலத்து ஜாப் (JAP) எஞ்சின் நேர்ப்பாதையிலேயே மற்றவர்களிடம் தோற்றுவிடும். விதியை ஆட்டத்தின் நடுவில் மாற்றுவதற்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். ஆறு பட்டங்கள் வென்றவரிடமே தோற்காத நீங்கள் விதிப்புத்தகத்திடம் அடைக்கலம் புகலாமா?

வெளிவட்டம்

சண்டை வேண்டாம், வேறொன்றைக் கவனித்தீர்களா? கிரேவன், மேஜர், காலின்ஸ் மூவரும் வெவ்வேறு பருவங்களில் மான்செஸ்டரின் பெல் வியூ அணிக்கு ஓட்டியவர்கள். மூவருக்கும் சொந்தத் தடம் ஹைட் ரோடு. ஆகவே ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நான்காமவர் சொந்தத் தடத்தவராக இல்லாமல் விருந்தாளியாக இருக்கட்டும்: 1956 முதல் 1965 வரை பத்து ஆண்டுகள் ஒருமுறைகூடத் தவறாமல் உலகின் முதல் மூவரில் ஒருவராக நின்ற ஓவே ஃபுண்டின்.

பழைய பதிவேடு

ஃபார்ண்டனை மறுபடியும் ஒரு வருடம் முன்னதாகவே அனுப்பிவிட்டீர்கள். குறித்துக்கொண்டேன்.

நாலாம் கேட்

இதற்கு நான் சம்மதிக்கிறேன், மேஜருக்கு உள்கோட்டை ஒட்டிய முதல் கேட்டை, அதாவது முதல் துவக்க இடத்தைக் கொடுத்தால். ஆனால் ஹைட் ரோடு 1987இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆளை மீட்பதற்கு முன் தடத்தை மீட்க வேண்டியிருக்கும்.

சாம்பல்தடம்

முதல் கேட் மேஜருக்கே இருக்கட்டும். கிரேவனை நான்காவதில் நிறுத்துங்கள். நான் இரண்டாம் வளைவுக்கு வெளியே நிற்கிறேன்.