சி.ஆர். வந்தால் ஆப்ஷன் ஆண்டுப் பணம் முழுதாக வருமா?

கேள்வி – பொடோமக்_கரை
அமெரிக்க மத்திய அரசுத் துறை ஒன்றில் ஐடி வேலை. சப்-கான்ட்ராக்ட், காஸ்ட்-பிளஸ் வகை (ஆன செலவோடு ஒரு கட்டணமும் சேர்த்துத் தருவது). ஆப்ஷன் ஆண்டு (அரசு விரும்பினால் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் ஆண்டு) அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, மதிப்பு 12 லட்சம் டாலர். பட்ஜெட் மசோதாக்கள் நிறைவேறாமல் நவம்பர் 16 வரை மட்டும் சி.ஆர். (அரசு இயங்கத் தற்காலிகமாகப் பணம் தரும் சட்டம்) போட்டால் முழுப் பணமும் ஒதுக்குவார்களா? இரண்டு ஹெச்-1பி ஆட்களை எடுக்கலாமா? சி.ஆர். கூட வராமல் ஷட்டவுன் (பணம் இல்லாமல் அரசுப் பணிகள் நிற்பது) ஆனால்?

பதில் – கணக்கு_வழக்கு
பெரும்பாலும் முழுப் பணம் வராது. சி.ஆர். என்றால் போன வருட ஒதுக்கீட்டு அளவில், நாள் கணக்கில் பணம் விடுவார்கள். நவம்பர் 16 வரை 47 நாள். 365-ஆல் வகுத்தால் 12.88 சதவீதம். அந்தக் காலத்தில் வழக்கமாக ஆகும் செலவு இதைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைந்த தொகைதான். உங்கள் 12 லட்சத்துக்குச் சுமார் 1,54,500 டாலர் வருகிறது.

புதிய திட்டம் எதுவும் தொடங்க முடியாது. விதிவிலக்கு வேண்டுமானால் சி.ஆர். சட்டத்திலேயே அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். புது மாட்யூலுக்காக என்றால் ஆள் எடுப்பதை நிறுத்தி வையுங்கள்.

பதில் – ஷரத்து_232
ஒரு திருத்தம். 12.88 என்பது துறையின் நிதிக் கணக்குக்கு, கான்ட்ராக்டுக்கு அல்ல. சம்பளம், வாடகை போக மிச்சத்தை யாருக்கு எவ்வளவு என்று துறைதான் பிரிக்கும். மாடிஃபிகேஷனில் (ஒப்பந்தத் திருத்த ஆவணத்தில்) என்ன எண் போட்டிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் ஒப்பந்தத்தில் 52.232-22 ஷரத்து (ஒதுக்கிய பணத்தின் வரம்பு பற்றிய அரசுக் கொள்முதல் விதி) இருக்கிறதா பாருங்கள். இதுவரை ஆன செலவும் அடுத்த 60 நாளில் ஆகப்போகும் செலவும் சேர்ந்து ஒதுக்கீட்டில் 75 சதவீதத்தைத் தாண்டும் என்றால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 47 நாளுக்குத்தான் பணம் என்றால் அந்த வரம்பு முதல் நாளே வந்துவிடும். எனவே அக்டோபர் 1-ஆம் தேதியே பிரைம் கான்ட்ராக்டருக்கு (அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போட்ட நிறுவனத்துக்கு) கடிதம் போக வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒதுக்கீட்டைத் தாண்டிச் செய்த செலவைத் தர அரசுக்குக் கடமை இல்லை.

பதில் – கேபிடல்_கவனிப்பு
ஷட்டவுன் எல்லாத் துறையையும் ஒரே மாதிரி பாதிக்காது. 2018-19-இல் 35 நாள் நடந்தபோது ஆண்டுதோறும் வரும் 12 பட்ஜெட் மசோதாக்களில் 5 ஏற்கெனவே சட்டமாகியிருந்தன. தொழிலாளர் துறை இயங்கியது, எல்சிஏ (ஹெச்-1பிக்கு முன் அந்தத் துறையிடம் வாங்க வேண்டிய சான்று) விண்ணப்பங்களும் நகர்ந்தன. 2025 அக்டோபர் 1-இல் ஒன்றுகூட நிறைவேறியிருக்கவில்லை. எல்சிஏ அன்றே நின்றது. ஷட்டவுன் 43 நாள் நீண்டது. எல்சிஏ சான்று கிடைக்க 7 வேலை நாள் ஆகும் என்பதால் செப்டம்பர் 18-க்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஷட்டவுன் நாட்களுக்கான சம்பளத்தை அரசு ஊழியர்களுக்குப் பிறகு தர 2019-இல் சட்டம் வந்தது. கான்ட்ராக்டர்களுக்கு அப்படி எதுவும் இல்லை, இது பெரிய அநியாயம். முந்தைய நிதியாண்டில் ஒதுக்கிய பணம் மிச்சமிருந்தால் வேலையைத் தொடரலாம். ஆனால் கட்டடம் பூட்டியிருந்தாலோ மேற்பார்வை அதிகாரி விடுப்பில் அனுப்பப்பட்டாலோ அதுவும் நிற்கும். வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள்.

சி.ஆர். நிறைவேறுமா என்று அறிய, செப்டம்பர் கடைசி வாரம் செனட்டைக் கவனியுங்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானத்தைத் திங்கள் கொடுத்தால் புதன்தான் வாக்கெடுப்பு. அதற்கு 60 ஓட்டு வேண்டும். அதன்பின்னும் 30 மணி நேரம் வரை இழுக்கலாம். இதைக் குறுக்க எல்லாரும் சம்மதிக்க வேண்டும், ஒரே ஒரு உறுப்பினர் மறுத்தாலும் முடியாது. 26-ஆம் தேதிவரை அந்தத் தீர்மானம் வரவில்லை என்றால் ஷட்டவுனுக்குத் தயாராகத் தொடங்குங்கள்.