39 வயதில் முதல் பிரசவம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 39. முதல் கர்ப்பம், இப்போது 13-வது வாரம். 35-ஐத் தாண்டினால் பிபி, கர்ப்பகாலச் சர்க்கரை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, சிசேரியன் எல்லாவற்றுக்குமே வாய்ப்பு கூடும் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாகவே முடிகிறது என்றும் சொன்னார். அது மட்டும் வீட்டில் யார் காதிலும் விழவில்லை!

வயதும் முதல் கர்ப்பமும் சேர்வதால், பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் பிபி ஏறி உடல் உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) வரும் வாய்ப்பைக் குறைக்க, குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருக்கிறார். 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலனாம். அக்காவின் மாமியாரோ, "ரத்தம் நீர்த்துப் போயிடும், வேண்டாம்" என்கிறார். மாத்திரையை நிறுத்தப் போவதில்லை. ஆனால் இதைப் போட்டுக் குழந்தை பெற்றவர்கள் இரண்டு வரி எழுதினால் அவரிடம் படித்துக் காட்டுவேன்.

அப்புறம், வீட்டில் பிபி பார்க்க எந்த மாதிரி மெஷின் நல்லது? கையில் கட்டுவதா, மணிக்கட்டில் கட்டுவதா? 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ராத்திரியிலும் ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை இரண்டும் இருக்கும் மருத்துவமனை மதுரையில் தெரிந்தால் சொல்லுங்கள். பயமுறுத்தும் கதைகள் வேண்டாம், வீட்டிலேயே நிறைய கிடைக்கின்றன.